ஃபோர்டு கோப்பைக்குச் சராசரி எதற்கு?

2020-21 யூரோலீக் சீசனில் மாஸ்கோவை ஒட்டிய ஹிம்கி அணி 34 ஆட்டங்களில் வென்றது நான்கே நான்கு. மீதி முப்பதிலும் தோற்று, பட்டியலின் கடைசியில் கிடந்தது. அந்த அணியின் கார்டு அலெக்ஸேய் ஷ்வேத்துக்குத்தான் அந்த ஆண்டு அல்போன்சோ ஃபோர்டு கோப்பை கிடைத்தது. ஐரோப்பியக் கூடைப்பந்தின் உச்ச லீகில், ஆட்டத்துக்குச் சராசரியாக அதிகப் புள்ளி எடுப்பவருக்கு ஆண்டுதோறும் தரப்படும் பரிசு இது. ஷ்வேத் 2018லும் இதை வென்றவர்.

கடைசி இடத்து அணியிலிருந்து ஒருவர் இப்படிப் பரிசு பெறும்போதெல்லாம் ஒரு முணுமுணுப்பு கிளம்புகிறது. தோற்கும் அணியில் பந்தைத் தானே வைத்துக்கொண்டு எறிந்துகொண்டிருந்தால் யாருக்கும் புள்ளி சேரும். அணியின் வெற்றியையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? குறைந்தது பிளேஆஃப் சுற்றுக்கு வந்த அணிகளின் வீரர்களோடு இந்தப் பரிசை நிறுத்திக்கொள்ளக் கூடாதா? இந்த யோசனையை அடியோடு நிராகரிக்க வேண்டும் என்பது நம் நிலை. இந்தக் கோப்பையில் மாற்ற வேண்டியது ஒன்று உண்டு. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை: சராசரியைக் கைவிட்டு, சீசன் முழுவதும் எடுத்த மொத்தப் புள்ளிகளை எண்ண வேண்டும்.

முதலில் தோற்ற அணியின் விஷயம். பலவீனமான அணியில் புள்ளி எடுப்பது எளிது என்பவர்கள் அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியை உற்றுப் பார்க்க வேண்டும். பந்து கைக்கு வந்த 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். திறமையான அணியில் ஐந்து பேரும் நகர்ந்து, திரை போட்டு, யாரோ ஒருவருக்குத் திறந்த வாய்ப்பை உண்டாக்கிவிடுவார்கள். பலவீனமான அணியில் திட்டம் பாதியில் உடைகிறது. கடிகாரத்தில் ஐந்து வினாடி மிஞ்சும்போது, வேறு வழியில்லாமல் பந்து அந்த ஒருவர் கைக்கே வருகிறது. எதிரணியும் அதற்காகத்தான் காத்திருக்கிறது. ஒருவர் முன்னால் மறிக்க, இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து பாய்கிறார். அந்த நேரத்தில் எறிவது பெரும்பாலும் கெட்ட எறிதலாகத்தான் இருக்கும், அது தவறினால் அவர் சதவிகிதம்தான் சரியும். ஆனாலும் எறிய வேண்டியவர் அவர்தான். இதை வாரந்தோறும் செய்து ஆட்டத்துக்கு இருபதை ஒட்டிப் புள்ளி எடுப்பதைச் சுயநலம் என்று பேர் வைத்து ஒதுக்குவது அநியாயம். யூரோலீக் ஆட்டம் 40 நிமிடம்தான், என்பிஏ போல 48 அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வெற்றிக்கு ஐரோப்பாவில் பரிசு இல்லாமலும் இல்லை. சாம்பியன் கோப்பை இருக்கிறது. சீசனின் சிறந்த வீரர் விருது இருக்கிறது. வாக்குகள் பொதுவாக மேல்வரிசை அணிகளின் பக்கமே சாய்கின்றன. கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோரின் சிறந்த வீரர் விருதும் இருக்கிறது. 2016இல் சிஎஸ்கேஏ மாஸ்கோவின் நாந்தோ டி கோலோ இத்தனையையும் ஒரே சீசனில் அள்ளினார்: அதிகப் புள்ளி, சிறந்த வீரர், ஃபைனல் ஃபோரின் சிறந்த வீரர், கூடவே சாம்பியன் பட்டம். 2022இல் எஃபெஸ் அணியின் வாசிலியே மிசிச்சும் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்துப் பட்டமும் வென்றார். 2005 தொடங்கி 2024 வரை ஃபோர்டு கோப்பையும் சாம்பியன் பட்டமும் ஒரே சீசனில் ஒருவருக்கே அமைந்தது இவர்கள் இருவருக்குத்தான். 2023இல் ஒலிம்பியாகோஸின் சாஷா வெசென்கோவ் ஃபோர்டு கோப்பையையும் சிறந்த வீரர் விருதையும் சேர்த்து வென்றார். ஆனால் கௌனஸில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டிடம் ஒரே ஒரு புள்ளியில் பட்டம் நழுவியது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் அணி தோற்றால் அவர் சீசன் முழுவதும் எடுத்த புள்ளிகள் செல்லாக்காசாகிவிடுமா?

இந்தப் பரிசுகளில் ஃபோர்டு கோப்பைக்கு நடுவர் குழு கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. பெரிய நகரம், பெரிய கிளப், ரசிகர் கூட்டம் எதுவும் இதைத் தீர்மானிப்பதில்லை. 2008இல் பிரான்சின் சின்ன ஊரான ரோவானிலிருந்து வந்த மார்க் சேலியர்ஸ், 21.8 சராசரியோடு இதை வென்றார். அவருடைய அணி முதல் சுற்றைக்கூடத் தாண்டவில்லை. 2017இல் கசானின் யூனிக்ஸ் அணி பட்டியலின் அடிமட்டத்தில் தவித்தபோது கீத் லாங்ஃபோர்டு வென்றார். 2019இல் மைக் ஜேம்ஸ் வென்றபோது அவருடைய மிலான் அணி பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. பிளேஆஃப் நிபந்தனை வைத்திருந்தால் இந்த மூவர் பெயரும் பட்டியலில் இருந்திருக்காது. பணக்கார கிளப்புகளின் லீகில் மற்றவர்களுக்கும் திறந்திருக்கும் ஒரே கதவு இது. இதையும் சாத்த வேண்டுமா?

கோப்பைக்கு யார் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே இதற்கு விடை கிடைக்கும். மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட்டில் 1971இல் பிறந்தவர் அல்போன்சோ ஃபோர்டு. மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற, பெரிதாகப் பேர் அடிபடாத கல்லூரிக்காக நான்கு ஆண்டுகளில் 3,165 புள்ளிகள் எடுத்தார். என்பிஏ அவருக்கு மொத்தம் 11 ஆட்டங்களே தந்தது. கடல் கடந்து ஸ்பெயினுக்கும், பிறகு கிரீஸுக்கும் வந்தார். அங்கும் பெரிய கிளப்புகள் உடனே கதவைத் திறக்கவில்லை. பாபாகு, ஸ்போர்ட்டிங், பெரிஸ்டெரி என்று ஏதென்ஸ் வட்டாரத்துச் சின்ன அணிகளில்தான் ஆடினார். 2000-01 யூரோலீகில் பெரிஸ்டெரிக்காக ஆட்டத்துக்கு 26 புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தார். அதன் பிறகுதான் ஒலிம்பியாகோஸ் அழைத்தது. அடுத்த சீசனில் அங்கும் அவரே முதலிடம். 2003இல் இத்தாலியின் சியெனா அணியைப் பார்சிலோனாவில் நடந்த ஃபைனல் ஃபோர் வரை கொண்டுபோனார்.

இவ்வளவையும் அவர் செய்தது ரத்தப் புற்றுநோயோடு. நோய் 1997இலேயே தெரிந்துவிட்டது. வெளியே சொல்லாமல் ஏழு ஆண்டுகள் ஆடினார். எதிரணிகளுக்கும் அரங்கை நிறைத்த ரசிகர்களுக்கும் அது தெரியாது. 2004 ஆகஸ்ட் கடைசியில், தான் அப்போது சேர்ந்திருந்த இத்தாலியின் பெசாரோ கிளப்புக்கு, வரும் சீசனில் ஆட உடல் இடம் தராது என்று தெரிவித்தார். செப்டம்பர் 4 அன்று மெம்ஃபிஸ் நகரில் இறந்தார். வயது 32. அடுத்த ஆண்டே யூரோலீக் இந்தக் கோப்பைக்கு அவர் பெயரைச் சூட்டியது. முதல் கோப்பையை வென்ற சார்லஸ் ஸ்மித்தும் பெசாரோ வீரர்தான். ஃபோர்டு ஆடியிருக்க வேண்டிய அதே சீசன், அதே சட்டை.

பெரிஸ்டெரிக்காக ஆடிய மனிதரின் பெயரால் தரும் பரிசுக்கு, பெரிஸ்டெரி போன்ற அணியில் ஆடுபவர் தகுதியில்லை என்று எப்படிச் சொல்வது?

புள்ளி எடுப்பவரைக் கொண்டாடுவது ஐரோப்பாவுக்குப் புதிய மரபும் அல்ல. பெல்கிரேடின் ராதிவோய் கோராச் 1965இல் சாம்பியன்ஸ் கோப்பை ஆட்டம் ஒன்றில் ஸ்வீடனின் ஆல்விக் அணிக்கு எதிராக 99 புள்ளிகள் எடுத்தவர். இடது கைக்காரர். ப்ரீ த்ரோவை இரண்டு கைகளாலும் முழங்காலுக்குக் கீழிருந்து தூக்கி எறிவார். 1969இல் கார் விபத்தில் அவர் இறந்தபின் அவர் பெயரால் ஓர் ஐரோப்பியப் போட்டியே 2002 வரை நடந்தது. கிரீஸின் நிகோஸ் காலிஸ் ஐரோப்பாவின் முதன்மை கிளப் போட்டியில் எட்டு முறை புள்ளிப் பட்டியலின் முதலிடத்தில் நின்றார். அவருடைய ஆரிஸ் அணி 1988, 1989, 1990 என்று தொடர்ந்து மூன்று ஃபைனல் ஃபோர்களுக்குப் போயும் கோப்பையில்லாமல் திரும்பியது. அதற்காகக் காலிஸை வெறும் புள்ளி வேட்டைக்காரர் என்று கிரீஸில் சொல்லிப் பாருங்கள்! 1987 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதியில் சோவியத் அணிக்கு எதிராக அவர் எடுத்த 40 புள்ளிகள்தான் அந்த நாட்டில் கூடைப்பந்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன.

இனி, மாற வேண்டிய விஷயம். சராசரி என்ற அளவுகோல் வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. ஃபோர்டு கோப்பை தொடங்கிய காலத்தில் 24 அணிகள் குழுக்களாகப் பிரிந்து ஆடின. முதல் சுற்றோடு வெளியேறிய அணிக்குக் கிடைத்தது 14 ஆட்டம். தாண்டிப் போன அணிகளுக்குக் குறைந்தது இருபது. சேலியர்ஸையும் ஃபைனல் ஃபோர் வரை போன ஒருவரையும் மொத்தப் புள்ளியால் ஒப்பிட்டிருந்தால் அது அநீதி. சராசரிதான் அன்றைக்கு நேர்மையான வழி.

அந்தக் காரணம் 2016இலேயே போய்விட்டது. அந்த ஆண்டிலிருந்து எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் மோதுகின்றன. முதலில் 16 அணிகள், தலா 30 ஆட்டம். பிறகு 18 அணிகள், 34 ஆட்டம். 2025-26இல் 20 அணிகள், 38 ஆட்டம். உக்ரைன் போரால் மூன்று ரஷ்ய அணிகள் சீசன் நடுவே விலக்கப்பட்டு அவற்றின் முடிவுகள் ரத்தான 2022இல்கூட, மிஞ்சிய 15 அணிகளுக்கும் கணக்கில் சேர்ந்தது தலா 28 ஆட்டம்தான். முதல் சுற்றில் எல்லாருக்கும் சமமான வாய்ப்பு இருக்கும்போது எதற்காக வகுக்க வேண்டும்? எடுத்ததை எண்ணினால் போதும். கால்பந்தில் அதிகக் கோல் அடித்தவருக்கான பரிசை ஆட்டக் கணக்கால் வகுத்து யாரும் தருவதில்லை.

என்பிஏ 1969-70இல் மொத்தத்திலிருந்து சராசரிக்கு மாறியது உண்மை. காயம் பட்டவருக்குச் சராசரிதான் ஆறுதல் என்ற வாதத்திலும் ஈரம் இருக்கிறது. ஆனால் 38 ஆட்டச் சுமையில், உள்நாட்டு லீகும் சேர்ந்து வாரத்துக்கு மூன்று ஆட்டம்கூட வரும் ஐரோப்பாவில், களத்துக்கு வருவதே பாதி வேலை. வியாழன் இரவு இஸ்தான்புல்லில் ஆடி, விமானம் ஏறி, ஞாயிறன்று சொந்த ஊரில் மறுபடியும் சட்டையை மாட்டும் வீரரின் உழைப்பு சராசரியில் தெரிவதில்லை. பத்து ஆட்டத்துக்கு ஓய்வெடுத்துவிட்டு வலுக் குறைந்த எதிரிகளோடு ஆடியவருக்கு, ஒன்றும் விடாமல் ஆடியவரைக் காலே அரைக்கால் புள்ளியில் முந்த வழி தருவது அந்த அளவுகோல். சீசன் முடியும் தறுவாயில், சராசரி இறங்கிவிடுமோ என்ற கணக்கில் ஒருவர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவது லாபமாகவும் ஆகிவிடுகிறது. மொத்தத்தை எண்ணினால் அந்தத் தூண்டுதலே இருக்காது. இன்னும் ஓர் ஆட்டம் ஆடினால் இன்னும் சில புள்ளி. நோயை மறைத்துக்கொண்டு களத்துக்கு வந்தவர் பெயரிலான பரிசு, வந்து நிற்பவரின் பக்கம் இருப்பதுதான் பொருத்தம்.

ரீபவுண்ட், அசிஸ்ட், தவறிய எறிதல் எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்கும் செயல்திறன் குறியீட்டை இதற்கும் கொண்டுவரலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குறியீடு தேவையானதுதான். அதற்கு வேறு இடம் இருக்கிறது. இது கூடைக்குள் விழுந்ததை எண்ணும் பரிசு.

இதற்கு யூரோலீக் விதிகளில் ஒரு வரி மாறினால் போதும்: முதல் சுற்றில் மொத்தமாக அதிகப் புள்ளி எடுத்தவருக்கே ஃபோர்டு கோப்பை, அவருடைய அணி எந்த இடத்தில் முடித்திருந்தாலும் சரி. இருவர் மொத்தத்தில் சமமாக நின்றால் மட்டும் சராசரியைப் பார்க்கலாம். அடுத்த சீசனின் முதல் பந்து எறியப்படுவதற்குள் லீக் இதை அறிவிக்க வேண்டும்.