வெள்ளைத் துப்பட்டியில் கறுப்புத் துணுக்குகள்

 

மதுரை பசுமலையிலிருந்து சகோதரி ஒருவர் நீண்டதொரு கடிதம் எழுதியுள்ளார். சீட்டுப் பணம் சேர்த்து அவர் வாங்கிய சலவை இயந்திரத்துக்கு மூன்று வயதாகிறது. மேலிருந்து துணி போடும் வகை. தானே நீர் எடுத்து, துவைத்து, அலசி, பிழிந்து தருவது. அண்மைக் காலமாக வெள்ளைத் துணிகளில் கறுப்பும் பழுப்புமாகத் துணுக்குகள் ஒட்டிக் கொண்டு வருகின்றனவாம். "என் மாமி தம்முடைய தொழுகைத் துப்பட்டியை அதில் போட விடுவதில்லை. முழங்கால் வலியோடு உட்கார்ந்து கையாலேயே துவைக்கிறார்கள். எனக்கு அது குத்திக் காட்டுவது போல் இருக்கிறது" என்கிறார். போதாக்குறைக்கு, இயந்திரம் பாதியிலேயே நின்று பீப் பீப் என்று கத்துகிறது. பார்க்க வந்த மெக்கானிக் போர்டு போய்விட்டது என்று சொல்லி, நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டிருக்கிறார். மாற்றலாமா, இயந்திரத்தையே விற்றுவிடலாமா என்பது சகோதரியின் கேள்வி.

சகோதரியே, இரண்டும் வேண்டாம். தங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "காலையில் மோட்டார் போட்டவுடன் துவைத்தால் ஓடுகிறது, மதியத்துக்கு மேல்தான் நிற்கிறது." போர்டு கெட்டிருந்தால் அதற்குக் காலை மதியம் தெரியாது. மதியத்தில் குறைவது மாடித்தொட்டியின் தண்ணீர். தங்கள் வீட்டுக் கோளாறு இயந்திரத்தில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். துணுக்குகளுக்கும் காரணம் அதுவே.

முதலில் நின்று போவதைப் பார்ப்போம். இயந்திரத்தின் பின்புறம் நீர் நுழையும் இடத்தில் ஒரு வால்வு உள்ளது. அது மின்சாரத்தின் பலத்தால் மட்டும் திறப்பதில்லை. மின்சாரம் ஒரு சிறு துளையைத்தான் திறந்து விடுகிறது. அதன்பின் நீரின் அழுத்தமே உள்ளிருக்கும் ரப்பர்த் தகட்டைத் தூக்கி வழிவிடுகிறது. இதற்குப் பல இயந்திரங்கள் கேட்கும் குறைந்த அளவு அழுத்தம், ஏறக்குறைய 3 மீட்டர், அதாவது 10 அடி உயர நீர் தரும் அழுத்தமாகும். இனித் தங்கள் வீட்டை அளந்து பாருங்கள். தரையிலிருந்து தளம் 10 அடி. தளத்தின் மேலேயே வைத்த தொட்டி நிரம்பினால் நீர்மட்டம் சுமார் 14 அடி. இயந்திரத்தின் வால்வு இருப்பதோ 3 அடி உயரத்தில். ஆக, தொட்டி நிரம்பியிருக்கையில் 11 அடி அழுத்தம் கிடைக்கிறது. அடிமட்டத்துக்கு வரும்போது ஏழரை, எட்டு அடிதான். மாடியில்லாத வீடுகளில் இயந்திரம் பிற்பகலில் மட்டும் வேலைநிறுத்தம் செய்வதன் இரகசியம் இவ்வளவுதான். குறித்த நேரத்துக்குள் டப் நிரம்பாவிட்டால் அது கத்தி அறிவிக்கிறது.

அழுத்தம் குறைந்தால் இன்னொரு விபரீதமும் உண்டு. அதே ரப்பர்த் தகடு மீண்டும் இறுக மூடுவதற்கும் நீரின் அழுத்தம் வேண்டும். அது போதாதபோது, இயந்திரத்தை நிறுத்திய பின்னும் டப்பில் சொட்டுச் சொட்டாக நீர் சேரும். வேலை முடிந்ததும் குழாயை மூடிவிடும் வழக்கம் நல்லது.

தொட்டியின் மேல் பழி போடும் முன், செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, இயந்திரத்துக்கு வரும் குழாயைக் கழற்றி அதன் நுனியை 10 லிட்டர் வாளியில் பிடித்துக் குழாயைத் திறவுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆகியும் வாளி நிரம்பவில்லையென்றால் வரும் நீரே போதவில்லை. விரைவாக நிரம்பிவிட்டால், அடைப்பு வால்வின் வாயிலுள்ள சிறிய சல்லடையில் இருக்கலாம். விரல் நுனியளவே உள்ள அதைக் குறடால் மெல்ல இழுத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி மீண்டும் பொருத்துங்கள். தெரிந்த ஒரு வீட்டில் அதிலிருந்து வந்தது ஒரு தேக்கரண்டி மணலும் சுண்ணாம்புச் செதிலும்தான். அதற்குமுன் அவர்களும் போர்டுக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இயந்திரத்தின் உள்ளே பார்ப்பவர் மாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்ப்பதில்லை.

சல்லடை சுத்தமாக இருந்தும் நீர் போதாவிட்டால், தொட்டியை மூன்று நான்கு அடி உயரப் பீடத்தின்மேல் ஏற்றலாம். முழுத் தொட்டியின் பாரத்தைத் தளம் தாங்குமா என்று கொத்தனாரிடம் கேட்டுச் செய்யுங்கள். இயலாதவர்கள் அழுத்தம் கூட்டும் சிறு பம்ப் வைக்கலாம். குறைந்த அழுத்தத்திலும் திறக்கும் வால்வு தங்கள் இயந்திரத்துக்குக் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

அடுத்து, அந்தக் கறுப்புத் துணுக்குகள்.

மதுரைச் சமவெளியின் அடியில் கிடப்பது கெட்டிப் பாறை. பசுமலை, திருப்பரங்குன்றம் பக்கம் அது குன்றாகவே எழுந்து நிற்கிறது. பாறை வெடிப்புகளில் தேங்கிய நீரையே ஆழ்துளைக் கிணறுகள் மேலே கொண்டு வருகின்றன. அதில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்திருக்கும். பருப்பு எளிதில் வேகாத தண்ணீர், வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைச் செதில் படிய வைக்கும் தண்ணீர் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம். தங்கள் கிணற்று நீர் எப்படி என அறிய, ஒரு பாட்டிலில் அதில் பாதியளவு எடுத்துச் சிறிது சோப்புச் சீவல் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்காமல், பால் திரிந்ததுபோல் வெள்ளையாகப் படலம் மிதந்தால் அது கடின நீர்.

அந்தத் திரிந்த படலமே தங்கள் மாமியின் துப்பட்டியில் ஒட்டுவதன் தாய். இயந்திரத்தில் டப் ஒன்றல்ல, இரண்டு. நமக்குத் தெரிவது ஓட்டைகளுள்ள உள் டப். அதைச் சுற்றி நீரைத் தாங்கும் வெளி டப் ஒன்று மறைந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே சோப்பும் சுண்ணாம்பும் துணி நூலும் உடல் எண்ணெயும் சேர்ந்து பிசினாகப் படிகின்றன. ஈரத்தில் அதன்மேல் பூஞ்சை வளர்ந்து கறுக்கிறது. நாளடைவில் செதில் செதிலாகப் பெயர்ந்து துணிக்கு வருகிறது. வாசனைக்காகவும் மென்மைக்காகவும் ஊற்றும் திரவம் இந்தப் பிசினை இன்னும் கெட்டியாக்கும். தூளை அள்ளிக் கொட்டுவதும் அப்படியே. கடின நீருக்குத் தூள் சற்றுக் கூடுதலாக வேண்டியதுதான். ஆனால் கரையாத தூளால் பயனில்லை. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் முன்னதாகவே கரைத்து ஊற்றுங்கள். திரவச் சோப்பு இன்னும் மேல்.

படிந்ததை நீக்க, நாட்டு மருந்துக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள்; சிட்ரிக் அமிலம் என்பது அதன் பெயர். துணி எதுவும் போடாமல் டப்பை உச்ச அளவுக்கு நிரப்பி, கை பொறுக்கும் சூட்டில் இரண்டு மூன்று வாளி வெந்நீரையும் சேர்த்து, 100 முதல் 200 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் ஓட விட்டு, ஒரு மணி நேரம் ஊற வைத்து, பின் முழுச் சுற்றும் ஓட்டுங்கள். முதல் தடவை வெளியேறும் நீரைக் கண்டு திடுக்கிட வேண்டாம். மறுபடியும் ஒருமுறை வெறும் நீரில் ஓட்டுங்கள். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இது தேவை. நூல் வடிகட்டும் சிறு பையை வாரந்தோறும் கழுவுங்கள்.

இதில் இரு எச்சரிக்கைகள். எலுமிச்சை உப்போடு பிளீச்சிங் பவுடரையோ வெளுக்கும் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்கலாகாது. மூச்சை அடைக்கும் குளோரின் வாயு எழும். கழிவறை ஆசிட் பக்கமே போகாதீர்கள். அது எஃகு டப்பை அரித்துவிடும்.

மற்றொன்று, ஊறும் அந்த ஒரு மணி நேரம். 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெல்லி ரோகிணியில், தாய் சலவைத் தூள் வாங்கக் கடைக்குச் சென்ற சிறு பொழுதில், மூன்று வயது இரட்டைக் குழந்தைகள் நீர் நிறைந்திருந்த மேல்மூடி இயந்திரத்துக்குள் விழுந்து மௌத்தானார்கள். டப்பில் நீர் இருக்கையில் மூடியை மூடி, அந்த இடத்தின் கதவையும் தாழிடுங்கள். அருகில் நாற்காலி, கூடை எதுவும் கிடக்க வேண்டாம். துவைத்து முடித்து நீர் முழுதும் வெளியேறிய பின், பூஞ்சை வளராதிருக்க மூடியைத் திறந்து வைப்பது நல்லது. அப்போதும் பிளக் பிடுங்கியிருக்க வேண்டும்.

பிழியும்போது இயந்திரம் தடதடவென்று நடந்து வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கனத்த போர்வை ஒன்றை மட்டும் தனியே போட்டால் அது ஒருபக்கம் ஒதுங்கிப் பாரம் சாயும். இரண்டு மூன்று துண்டுகளையும் சேர்த்துச் சமமாகப் பரப்புங்கள். நான்கு கால்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று மூலைக்கு மூலை அழுத்திப் பாருங்கள்; ஆடும் காலைத் திருகிச் சரிசெய்யலாம். ரெக்சின், மழைக்கோட்டு போன்ற நீர் புகாதவற்றைப் பிழியவே கூடாது. அவை நீரைப் பையாகக் கட்டிக் கொள்ளும். இது அற்ப விஷயமன்று. 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் நிறுவனம் சுமார் 28 லட்சம் மேல்மூடி இயந்திரங்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பிழியும் வேகத்தில் மேற்பாகமே கழன்று வரக்கூடும் என்பது காரணம். 733 புகார்கள் வந்திருந்தன. 9 பேர் காயமடைந்திருந்தனர். படுக்கை விரிப்புகளையும் நீர் புகாத துணிகளையும் குறைந்த வேகத்தில் மட்டுமே பிழியுமாறு அப்போது மக்களுக்கு அறிவுறுத்தினார்கள்.

எலியை மறந்துவிட்டேன். பல இயந்திரங்களின் அடிப்புறம் திறந்தே கிடக்கும். என் வீட்டில் ஓர் எலி உள்ளே குடியேறி, நீர் வெளியேறும் குழாயைக் கடித்துத் துளைத்துவிட்டது. அடியில் பொருத்தும் தகடு கடைகளில் கிடைக்கிறது.

தொட்டால் சுரீரென்று கையில் இழுத்தால் மட்டும் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். ஈரக் கையோடு இயந்திரத்தைத் தொடாமல், சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்து, எலக்ட்ரீஷியனை அழையுங்கள். எர்த் சரியாக உள்ள மூன்று முனைப் பிளக்கும், கசிவு கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியும் இந்த இயந்திரம் உள்ள வீட்டுக்கு அவசியம்.

இனி மாமியின் தயக்கம். அதை நான் குறை கூற மாட்டேன். அலசும் நீர் போதாமல் சோப்பு தங்கிய துணியை அவர்கள் கண்டிருக்கிறார்கள். குழந்தையின் சிறுநீர் பட்ட துணியும் அதே டப்பில் விழுவதையும் கண்டிருக்கிறார்கள். நஜீஸ் பட்ட துணியைத் தனியே எடுத்து, அந்த இடத்தைச் சுத்தமான நீர் ஊற்றி நன்கு கழுவிய பின்பே மற்றவற்றோடு சேருங்கள். சட்ட விவரங்களைத் தங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக் கொள்ளலாம். அலசலைக் காலையில், தொட்டி நிரம்பியிருக்கும் நேரத்தில் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள். அந்தக் கடைசி நீரை வாளிகளில் பிடித்து வைத்தால் தரை கழுவ உதவும்.

எல்லாம் முடிந்தபின், முதலில் துப்பட்டியைப் போடாதீர்கள். பழைய வெள்ளைத் துவாலை ஒன்றைத் தனியே துவைத்து எடுத்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். துணுக்கு தெரிந்தால் எலுமிச்சை உப்பு இன்னொரு தடவை. தெரியாவிட்டால் அந்தத் துவாலையை மாமியின் கையிலேயே கொடுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை மறவாமல் எனக்கு எழுதுங்கள்.