வாங்கும் முன் கண்ணை அளப்போம்



எங்கள் கரையோர வீடுகளில் வலை வாங்குவது ஆண்களின் வேலையாகவும், கிழிந்த வலையைப் பொத்துவது பெண்களின் வேலையாகவும் இருந்து வந்தது. எந்த மீனுக்கு எந்தக் கண் என்ற கணக்கு கணவனிடமோ தகப்பனிடமோ இருந்தது. அந்தக் கணக்கை அறிந்திருந்த பலரை யுத்தம் கொண்டு போய்விட்டது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இன்னும் பலரை எடுத்துச் சென்றது. இன்று மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கங்களில் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் கடன் எடுத்து மகனுக்கோ தம்பிக்கோ வலை வாங்கிக் கொடுக்கிறார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்து அவர்களுடையது. ஆனால் கடைக்காரர் "என்ன கண் வேணும்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். ஆகவே இம்மாதம் வலைக் கண்ணின் அளவைப் பற்றிப் பேசுவோம்.

காப்பு வாங்கும்போது நாம் என்ன செய்வோம்? கையின் பருமனைப் பார்ப்போம். சிறியதாக இருந்தால் கைக்குள் ஏறாது. பெரியதாக இருந்தால் கழன்று விழும். மீனைச் செவிளில் மாட்டிப் பிடிக்கும் வலையும் அப்படித்தான். கண் பெரிதானால் மீன் நுழைந்து மறுபக்கம் போய்விடும். கண் சிறிதானால் தலையே நுழையாது, முட்டித் திரும்பிவிடும். தலை நுழைந்து உடல் நுழையாத கண்ணே அந்த மீனுக்குரிய கண்.

கண்ணை அளப்பது எளிது. வலையின் ஒரு கண்ணை நீளவாக்கில் இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள். ஒரு முடிச்சிலிருந்து எதிர் முடிச்சு வரையுள்ள நீளமே கண் அளவு. அடுத்தடுத்த இரு முடிச்சுகளுக்கு இடையே அளந்தால் பாதிதான் வரும். சிலர் இந்தப் பாதியையே கண் அளவு என்று சொல்வதுண்டு. "இழுத்து அளந்ததா, பாதியா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்துக் கண்களைச் சேர்த்து இழுத்து அளந்து, பத்தால் பிரித்தால் இன்னும் சரியாக வரும். பொதியில் மில்லிமீற்றரில் எழுதியிருந்தால், 25 மில்லிமீற்றர் ஏறத்தாழ ஓர் அங்குலம்.

எந்த மீனுக்கு எந்தக் கண்? தையல் நாடா ஒன்று போதும். நீங்கள் பிடிக்க விரும்பும் பருமனுள்ள மீனை எடுத்து, அதன் மிகத் தடித்த இடத்தைச் சுற்றி அளவுங்கள். வந்த அளவை இரண்டரையால் பிரியுங்கள். சுற்றளவு 5 அங்குலம் என்றால் கண் 2 அங்குலம். கும்பளாவுக்கு வழக்கமாகப் பயன்படும் அளவும் ஏறத்தாழ இதுவே. சிறிய சாளை வகைகளுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் போதும். சூரை, அறுக்குளா போன்ற பெரிய மீன்களுக்கு 4 முதல் 6 அங்குலம் வரை தேவைப்படும். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. உங்கள் துறையில் தொழில் செய்பவர்களிடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

நூலின் பருமனையும் பாருங்கள். பொதியில் 210 டெனியர் என்றும், அதனருகே 4, 6, 9 என்று இழைக் கணக்கும் இருக்கும். இழை கூடினால் நூல் தடிக்கும். சிறிய கண்ணுக்குத் தடித்த நூல் போட்டால் வலை விறைத்து நிற்கும், மீனும் கண்டு விலகும். பெரிய கண்ணுக்கு மெல்லிய நூல் போட்டால் பெரிய மீன் அறுத்துக்கொண்டு போகும்.

இன்னொரு செலவுக் கணக்கும் உண்டு. வலையைக் கயிற்றில் கோக்கும்போது கண்கள் திறந்து நிற்க வேண்டும். அதற்காக 100 மீற்றர் வலையை ஏறத்தாழ 50 மீற்றர் கயிற்றில்தான் கோப்பார்கள். 100 மீற்றர் வாங்கினால் கடலில் 100 மீற்றர் நிற்கும் என்று நினைத்துக் கடன் எடுக்க வேண்டாம். கயிறு, மிதவை, ஈயம் ஆகியவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வலை பொத்தும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 2 அங்குலக் கண்ணுக்கு 1 அங்குல அகலமுள்ள மட்டப் பட்டை வேண்டும். கண்ணளவால் பொத்தினால் ஒரு கண் பெரிதாகும், மறு கண் சிறிதாகும். பெரிய கண்ணால் மீன் போகும். சிறிய கண்ணில் இழுவை விழுந்து பக்கத்துக் கண்ணும் அறும். மூங்கிலில் பட்டை சீவி, அளவை அதிலேயே எழுதி வையுங்கள். அளவு பிசகாமல் பொத்துவது ஒரு தொழில் திறமை. அதை "வீட்டு உதவி" என்று சொல்லிக் கூலியைக் குறைக்க விடாதீர்கள்.

"சின்னக் கண் வாங்கினால் எல்லா மீனும் விழுமே" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். கடன் தவணை வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும்போது குஞ்சு மீனும் காசாகத்தான் தெரியும். ஆனால் கொட்டியாரக் குடாவில் மகாவலியின் நன்னீர் வந்து கலக்கிறது. கண்டல் ஓரங்களில் மீன் குஞ்சுகள் வளர்கின்றன. ஒரு தடவையேனும் முட்டையிடாத மீனை இன்று அள்ளினால் அடுத்த வருடம் அதே வலை வெறுமையாக வரும். குஞ்சு மீனுக்கு விலையும் குறைவு.

மலிவாகக் கிடைக்கிறதே என்று தங்கூசி வலை வாங்காதீர்கள். 2006 ஆம் ஆண்டிலிருந்து அது சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. வைத்திருப்பதும் விற்பதும் கூடக் குற்றம். வலையைப் பறித்துக்கொண்டு போனாலும் கடன் உங்களிடம்தான் இருக்கும். நுண்கடன் சுமை எவ்வளவு பெரிதென்றால், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் கடன்களில் ஒரு பகுதியை அரசு 2018 இல் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அடுத்த தள்ளுபடியை நம்பி யாரும் வலை வாங்க முடியாது.

எனவே சகோதரிகளே, பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எந்த மீனுக்கு? இழுத்து அளந்த கண் எத்தனை? நூல் எத்தனை இழை? கோத்த பின் எத்தனை மீற்றர் வரும்? சந்தேகம் இருந்தால் கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கு போய்க் கேட்பது உங்கள் உரிமை. அடுத்த மகளிர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு தையல் நாடாவும் ஒரு துண்டு வலையும் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து அளந்து பழகுவோம்.