ஆறடி வெற்றிடம்



தோவாளையில் பூக்கட்டிப் பிழைக்கும் தம்பதியர், பல்லாண்டுச் சேமிப்பைக் கொண்டு மூன்று சென்டு மனையில் ஒரு சிறுவீடு வாங்க முனைந்தனர். விலை பேசி, அச்சாரமும் கொடுத்தாயிற்று. கிழக்கே ஆறடி இடம் வெறுமனே கிடந்தது. அங்கே பூக்கட்டும் கொட்டகை போடலாம் என்பது அவர்களது கனவு. பத்திர நகலைக் காட்ட என்னிடம் வந்தனர். நான் வழக்கறிஞன் அல்லன். ஆயினும் பங்குக்குருவானவர் எதையெல்லாமோ வாசிக்க வேண்டியிருக்கிறது!

வில்லங்கச் சான்றிதழில் குறை ஏதும் இல்லை. ஆனால் அது நடந்த பதிவுகளின் பட்டியலே. பத்திரத்தின் உட்கருத்தை அது முழுமையாகச் சொல்லாது. ஆகவே மூலப்பத்திரத்தை வருவித்தோம். நம் ஊர்ப் பெரியவர்கள் பிரமாணம் என்பார்களே, அதுதான். முதல் உரிமையாளர் தம் இரு வீடுகளுள் ஒன்றைத் தமக்கு வைத்துக்கொண்டு மற்றதை விற்றபோது, "கிழக்கே ஆறடி அகலத்தில் கட்டடம் எழுப்பலாகாது" என எழுதி வாங்கியிருந்தார். இன்று அந்த அடுத்த வீட்டில் வாழ்பவர் அவருடைய மகள், தள்ளாத முதியவர்.

"அது எப்போதோ யாரோ எழுதியது, எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்?" என்று கணவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. முழு உரிமையோடு விற்றபின் இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று விதித்தால் அது செல்லாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 11-ஆம் பிரிவில் கூறுகிறது. ஆனால் விற்றவர் தம்மிடம் மிஞ்சிய மனையின் நலனுக்காக விதித்த கட்டு அதற்கு விலக்கு. அத்தகைய கட்டை அறிந்து வாங்கினவரையும் அது தொடரும் என்பது 40-ஆம் பிரிவு. பதிவான பத்திரத்தைப் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பவும் இயலாது. பதிவே அறிவிப்பு எனச் சட்டம் கொள்கிறது.

இதன் வேர் இலண்டன் மாநகரில் இருக்கிறது. 1808-இல் லெஸ்டர் சதுக்கத் தோட்டத்தை விற்ற துல்க் என்பவர், அதில் கட்டடம் கட்டாது தோட்டமாகவே காக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார். கைமாறி வந்த மாக்சே என்பவரின் பத்திரத்தில் அந்த வாசகம் இல்லை. ஆனால் செய்தி அவருக்குத் தெரியும். 1848-இல் காட்டன்ஹாம் பிரபு அவரைத் தடுத்துத் தீர்ப்பளித்தார். கட்டுள்ள நிலத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, மறுநாளே கட்டில்லாததுபோல் கூடுதல் விலைக்கு விற்பது நேர்மையாகுமா என்பதே அவர் வாதம்.

எல்லாக் கட்டுகளும் காற்றுக்காகவும் வெளிச்சத்திற்காகவும் எழுதப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் கறுப்பின மக்கள் குடியேறக்கூடாது என்று 1911-இல் ஒரு தெருவின் வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் எழுதினர். 1945-இல் அதை அறியாமலே ஷெல்லி குடும்பத்தார் அங்கு வீடு வாங்கினர். 1948-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இத்தகைய ஒப்பந்தத்தை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்றது. நம் நாட்டிலோ, அகமதாபாத்தின் பார்சி வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர் பார்சிகளாகவே இருக்க வேண்டும் என்று வைத்த விதியை 2005-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. சங்கம் அமைக்கும் உரிமை என்பது அதன் காரணம். அருகிவரும் சிறு சமூகம் ஒன்றாய் வாழ விரும்புவது எனக்குப் புரிகிறது. ஆனால் அதே வாசகம் பெரிய சாதியாரின் கையில் கிடைத்தால் என்னாகும் என்ற அச்சம் என்னை விட்டு அகலவில்லை.

நம் தம்பதியர் முதியவரிடம் சென்று, கட்டை நீக்கி எழுதித்தர இசைவீர்களா எனக் கேட்டனர். "ஆரல்வாய்மொழிக் காற்று அந்த ஆறடி வழியாகத்தான் என் கட்டிலுக்கு வருகிறது, மக்களே" என்று அவர் மறுத்துவிட்டார். விற்பவரோ இதை முன்னரே சொல்லாத கூச்சத்தால் விலையைச் சற்றுக் குறைத்துக்கொண்டார். பத்திரம் பதிவாயிற்று. கொட்டகை தெற்கே, சற்றுக் குறுகலாக எழுந்துள்ளது.