மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் இரவு

2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை, அங்கொடையை மையமாகக் கொண்டிருந்த சிகிச்சையை மாவட்டங்களுக்குப் பரவலாக்க முனைந்தது. போரால் நொந்த வடக்குக்கு அது தேவையாகவே இருந்தது. ஆனால் மருந்து ஊருக்கு வந்த அளவுக்கு, அதன் பக்கவிளைவு பற்றிய விளக்கம் வரவில்லை.

ஹலோபெரிடோல், புளூபெனசின் போன்ற பழைய மருந்துகள் மூளையில் டோபமின் வேலை செய்வதைத் தடுப்பவை. அதனால் சிலருக்குத் தசைகள் திடீரென இறுகும். தாடை பூட்டிக்கொள்ளும் அல்லது ஒருபக்கம் இழுக்கும், நாக்கு வெளியே தள்ளும், கழுத்து திருகும், கண்கள் மேலே செருகிவிடும். மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் ஐந்து நாட்களுக்குள்தான் இது பெரும்பாலும் வரும். இளம் ஆண்களுக்கே ஆபத்து அதிகம். அறிவு தெளிவாக இருக்கும். தனக்கு நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பார்ப்பவர்களோ வலிப்பு என்பார்கள், ஏற்புவலி என்பார்கள், பேய் என்பார்கள். 'நடிக்கிறான்' என்பதுதான் இவற்றில் கொடியது.

புரொமெதசின் போன்ற ஓர் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தசை தளரும். விலை குறைந்த மருந்துதான். அரிதாகக் குரல்வளைத் தசை இறுகினால் மூச்சே அடைபடலாம். அங்கே நிமிடங்களுக்கும் கணக்குண்டு.

நயினாதீவை இங்கே நினைக்க வேண்டும். குறிகட்டுவானுக்குப் படகில் கடந்து, புங்குடுதீவு, வேலணை வழியாகத் தரைப்பாதையில் போனால்தான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. பகலில் வழமையான படகு உண்டு. இறுக்கம் நேரம் பார்த்து வருவதில்லை. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகும் ஒருவருக்கு, அடுத்த திகதி வரும்போது ஆபத்தான அந்த ஐந்து நாட்களும் எப்போதோ கடந்திருக்கும். அதற்குள் பயந்துபோன தாய் மாத்திரையை நிறுத்தியிருப்பார். பிறகு நோய் திரும்பும்போது, 'மருந்து எடுக்காத குடும்பம்' என்ற பழியும் அவர்கள் மீதே விழும்.

ஆகவே தீவின் வைத்தியசாலையில் அந்த ஊசி எப்போதும் இருப்பில் இருக்கிறதா என்பது சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆபத்துக் கூடியவர்களுக்கு ஆரம்பத்திலேயே பென்செக்சோல் சேர்த்துக் கொடுப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிக்கலாம்; முதியவர்களுக்கு அது குழப்பத்தை உண்டாக்கக்கூடும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட்டும் இதே இறுக்கத்தை வரவழைக்கலாம் என்பதால், இது மனநோயாளரின் வீட்டுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. வாய் இழுத்தால் மாத்திரைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போகும்படி, மருந்து கொடுக்கும் அன்றே வீட்டாருக்குத் தமிழில் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.