கத்தியும் மாறியது, பிடியும் மாறியது



தீபாவளிக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கு நடந்தது. வாதி என் தம்பி, பிரதிவாதி நான். வழக்குப் பொருள், எங்கள் அப்பாவின் பழைய சைக்கிள்.

அப்பா பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே அந்தச் சைக்கிளில்தான் பெரட்டுக்குப் போவார். சம்பளத்துக்கு மறுநாள், முன்கம்பியில் தம்பியையும் பின்னால் என்னையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போனதும் அதில்தான். அவர் கண்ணை மூடிய பிறகு அது பின்கட்டுச் சுவரில் சாய்ந்தே கிடந்தது. அதைத் தம்பி வெளியே இழுத்துப் போட்டான்.

“அண்ணே, பழைய இரும்பு வாங்குற தவுக்கே வந்திருக்காரு. கொடுத்திடலாமா?”

“அப்பாவோட சைக்கிளையா?”

“இது எங்கண்ணே அப்பா சைக்கிளு? டயரு எத்தனை தடவை மாத்தியாச்சு! ரிம்மு புதுசு. செயினு புதுசு. முன்கவையும் மாத்தினதுதான். சீட்டு நீங்க வாங்கிப் போட்டது. இதுல அப்பா எங்க இருக்காரு?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தவுக்கேயை மறுவாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எப்போதோ படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. என் தம்பி கேட்ட இதே கேள்வியை 1990ஆம் ஆண்டில் லண்டன் உயர்நீதிமன்றத்தில் பெரிய பெரிய வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். அங்கே வழக்குப் பொருள் சைக்கிள் அல்ல, ஒரு பழைய பந்தயக் கார். பேசிய விலை ஒரு கோடி பவுண்டு!

அந்தக் காரின் கதையை இந்த மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அதன் பெயர் ‘ஓல்ட் நம்பர் ஒன்’. பழைய முதலாம் நம்பர் என்று பொருள். பென்ட்லி கம்பெனி செய்த கார் அது. வால்ட்டர் ஓவன் பென்ட்லி என்பவர் ரயில் எஞ்சின் பட்டறையில் தொழில் பழகியவர். முதல் உலகப் போரில் விமான எஞ்சின் வடிவமைத்தவர். போர் முடிந்ததும் 1919இல் சொந்தமாகக் கார்க் கம்பெனி தொடங்கினார். லண்டனின் கிரிக்கிள்வுட் பகுதியில் தொழிற்சாலை அமைந்தது. நல்ல கார்தான் செய்தார். ஆனால் கையில் பணம் நிற்கவில்லை. 1926இல் வுல்ஃப் பார்னாட்டோ என்ற செல்வந்தர் பணம் போட்டுக் கம்பெனியின் தலைவரானார். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் குவிந்த குடும்பச் சொத்து அவருடையது.

பார்னாட்டோ நாற்காலியில் மட்டும் உட்கார்ந்த தலைவரல்லர்; தாமே பந்தயக் கார் ஓட்டுவார். பிரான்சு நாட்டில் லெ மான் என்ற ஊரில் 1923 முதல் ஒரு பந்தயம் நடக்கிறது. இருபத்து நான்கு மணி நேரம், இரவும் பகலும் ஓட்ட வேண்டும்; அந்நாளில் இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டினார்கள். 1929இல் இந்த ‘ஓல்ட் நம்பர் ஒன்’ அங்கே இறங்கியது. ஆறு சிலிண்டர், ஆறரை லிட்டர் எஞ்சின். பார்னாட்டோவும் சர் ஹென்றி பர்கினும் ஓட்டினார்கள். ஒரு நாளில் 2,843 கிலோமீட்டர் ஓடி முதலாவதாக வந்தது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு நான்கு முறை போய்த் திரும்புகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு முதல் நான்கு இடங்களும் பென்ட்லி கார்களுக்கே.

மறு ஆண்டும் அதே கார், அதே பந்தயம். 1930இல் பார்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்டி 2,930 கிலோமீட்டர் கடந்து வென்றார்கள். ஒரே கார் லெ மானில் இருமுறை வென்றது அதுவே முதல் தடவை.

இங்கே ஒரு வார்த்தை. அந்நாளில் கார் டயருக்கு இயற்கை ரப்பர்தான். செயற்கை ரப்பர் பெருகியது பிற்பாடு. அந்த ரப்பரை உலகத்துக்கே அதிகமாக அனுப்பிய நாடு மலாயா. எந்தத் தோட்டத்துப் பால் எந்த டயருக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஐரோப்பாவில் அன்று ஓடிய கார்களின் அடியில் நம் பாட்டன் பாட்டியரின் உழைப்பும் உருண்டது என்று சொன்னால் பொய்யாகாது.

சரி, கதைக்கு வருவோம். பந்தயக் காரின் உடம்பு நம் வீட்டுக் காரைப் போன்றதல்ல. ஒவ்வொரு பந்தயத்திலும் சட்டம் முறுக்கேறும், பல்சக்கரம் தேயும், அச்சு ஆட்டம் கொடுக்கும். பந்தயம் முடிந்தவுடன் பட்டறையில் பிரித்துப் போட்டு, தேய்ந்ததைத் தூக்கி எறிந்து புதிதாகப் பூட்டுவார்கள். இது வழக்கமான வேலை. இப்படியே ‘ஓல்ட் நம்பர் ஒன்’னுக்கும் ஆண்டுதோறும் உறுப்புகள் மாறின. அடிச்சட்டமே மாறியது. 1932இல் ஆறரை லிட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு எட்டு லிட்டர் எஞ்சினை வைத்தார்கள்.

அதற்குள் கம்பெனியே கைமாறிவிட்டது. உலகமெங்கும் பொருளாதார மந்தம். விலை உயர்ந்த காரை வாங்க ஆளில்லை. 1931இல் பென்ட்லி கம்பெனி நொடித்துப்போய் ரோல்ஸ் ராய்ஸ் கைக்குச் சென்றது. கம்பெனியோடு ‘பென்ட்லி’ என்ற பெயரும் போயிற்று. பெற்ற தகப்பனுக்கே பிள்ளையின் பெயர் மேல் உரிமையில்லை!

1932 செப்டம்பர் 24. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்ற ஓடுதளத்தில் 500 மைல் பந்தயம். அந்தத் தளத்தின் வளைவுகள் சுவர்போல் சரிந்து நிற்கும். ஜாக் டன்ஃபீ, கிளைவ் டன்ஃபீ என்ற அண்ணன் தம்பி இருவர் ‘ஓல்ட் நம்பர் ஒன்’னை ஓட்டினார்கள். தம்பி கிளைவ் ஓட்டிக்கொண்டிருந்தபோது, கார் அந்தச் சரிவின் உச்சியைத் தாண்டி மரங்களுக்குள் பாய்ந்தது. கிளைவ் அந்த இடத்திலேயே மாண்டார்.

நொறுங்கிய காரை அப்படியே விட்டுவிடவில்லை. பார்னாட்டோ அதைச் சீராக்கச் செய்தார். ஆனால் பந்தயக் காராக அல்ல. கூரை போட்ட, சாலையில் ஓடும் காராக மாற்றினார்கள். பிறகு அது கைமாறியது. பின்னாளில் மறுபடியும் பழைய பந்தயக் கார்போலத் திறந்த உடலைப் பூட்டினார்கள்.

1990ஆம் ஆண்டு வந்தது. பழைய கார்களின் விலை வானத்தைத் தொட்டிருந்த காலம். அப்போது அந்தக் காரை வைத்திருந்தவர், ஒரு கோடி பவுண்டுக்கு விற்பதாக ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தார். பிறகு வாங்குபவர்கள் பின்வாங்கினார்கள். “நாங்கள் வாங்க நினைத்தது லெ மானில் வென்ற காரை. இதில் அந்தக் கார் எங்கே இருக்கிறது?” என்பது அவர்கள் வாதம். பார்த்தீர்களா, என் தம்பி பேசிய அதே பேச்சு!

விற்றவர் நீதிமன்றம் போனார். நீதிபதி ஓட்டன் வழக்கைக் கேட்டார். வண்டியை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார்கள். பழைய விவரங்களைத் தோண்டினார்கள். நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். முடிவில் தெரிந்தது என்ன? 1929இல் ஓடிய உறுப்புகளில் ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. 1930ஆம் ஆண்டுக்குரியவையாகக் கியர்பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு, பெடல் தண்டு ஆகிய சில மட்டுமே இருக்கலாம் என்று கண்டார்கள். மற்றவற்றில் பெரும்பகுதி 1932ஆம் ஆண்டு நிலையைச் சேர்ந்தது.

இவ்வளவு கேட்டதும் வாங்குபவர் பக்கம் வென்றிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. நீதிபதி விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தார்.

அவர் சொன்ன காரணத்தை என் சொல்லில் தருகிறேன். முதலில் செய்தபோது இருந்த நிலையில் அப்படியே இருக்கும் கார் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் இது திடீரென்று ஒரு நாள் புதிதாகப் பிறந்த காரும் அல்ல. ஒவ்வொரு பருவத்திலும் பந்தயத்துக்குப் போய், திரும்பி வந்து, செப்பனிடப்பட்டு, மீண்டும் போன ஒரே கார். அந்த வரலாறு எங்கும் அறுபடவில்லை. ‘நான்தான் ஓல்ட் நம்பர் ஒன்’ என்று உரிமை கொண்டாட வேறொரு காரும் உலகத்தில் இல்லை. ஆகவே அந்தப் பெயர் இதற்கே உரியது.

“எங்கள் தாத்தா காலத்துக் கத்தி, மூன்று முறை பிடி மாற்றினோம், இரண்டு முறை கத்தி மாற்றினோம்” என்று வேடிக்கையாகச் சொல்வார்கள் அல்லவா? அந்த வேடிக்கைக்குள் எவ்வளவு பெரிய நியாயம் ஒளிந்திருக்கிறது, பாருங்கள்.

ஆனால் வாயால் சொல்லும் வரலாறு மட்டும் போதாது. அதற்கும் பார்னாட்டோவே சாட்சி. 1930 மார்ச்சில் அவர் ஒரு பந்தயம் கட்டினார். தென் பிரான்சிலிருந்து புறப்படும் ‘நீல ரயில்’ வடகரையிலுள்ள கலே துறைமுகத்தைச் சேருமுன், தாம் காரில் லண்டனுக்கே போய்விடுவதாகச் சொன்னார். சொன்னபடி செய்தும் காட்டினார். அன்று அவர் ஓட்டியது இதுதான் என்று, அவருக்குச் சொந்தமான தாழ்ந்த கூரை போட்ட அழகான பென்ட்லி ஒன்றை வெகுகாலம் கொண்டாடினார்கள். அந்தக் காட்சியை ஓவியமாகவும் தீட்டினார்கள். பிறகு ஆவணங்களைப் பார்த்தபோது, அந்தக் கார் அவர் கைக்கு வந்ததே மே மாதத்தில்தான் என்று தெரிந்தது. மார்ச்சில் ஓடியது வேறொரு பென்ட்லி. ஊரெல்லாம் நம்பிய கதையை ஒரு தேதி கவிழ்த்துவிட்டது.

ஆகவே இரண்டு வேண்டும். அறுபடாத வரலாறும் வேண்டும். அதைச் சொல்லும் தாளும் வேண்டும். இது கோடீசுவரர்களின் காருக்கு மட்டும் உள்ள விஷயமன்று. எங்கள் தோட்டத்தில் ஓர் அம்மாள், பிறந்த நாளிலிருந்து இந்த மண்ணிலேயே உழைத்தவர், தம் பிறந்த தேதிக்கு ஒரு தாள் இல்லாமல் எத்தனை முறை பஸ் ஏறி இறங்கினார் என்பதை நான் அறிவேன். லயத்துக் கூரை ஒழுகி, கரையான் தின்று போன தாள் அது. நம் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், வேலைக் கடிதம் இவற்றை ஒரு பிஸ்கட் டின்னிலாவது பத்திரமாக வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம், ஆண்டு இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கார்க் கதையை வகுப்பில் சொன்னேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். “சார், எனக்குப் பால்பல்லு விழுந்து புதுப்பல்லு வந்திருக்கு. நான் நான்தானே சார்?” என்றாள். லண்டன் நீதிமன்றத்துக்கு இவளை அனுப்பியிருந்தால் வழக்குச் சீக்கிரம் முடிந்திருக்கும்!

வீட்டு வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று மாலை தம்பியை உட்கார வைத்து, முன்கவை மாறிய கதையைச் சொன்னேன். அப்போது அவனுக்கு மூன்று வயது. அவனை முன்கம்பியில் வைத்து அப்பா வந்துகொண்டிருந்தபோது, வளைவில் லாரி ஒன்று குறுக்கே வந்தது. அப்பா அவனை மார்போடு அணைத்துக்கொண்டு சைக்கிளோடு கால்வாயில் சாய்ந்தார். கவை வளைந்துபோயிற்று, அப்பாவின் முழங்கை முறிந்தது, இவன் மேல் ஒரு கீறலும் இல்லை. கட்டுப் போட்ட கையோடு கடைக்குப் போய் அப்பா வாங்கி வந்ததுதான் இந்தப் புதுக் கவை.

தம்பி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் ஒரு பழைய துணியால் அந்தக் கவையைத் துடைக்க ஆரம்பித்தான்.

மறுவாரம் தவுக்கே வந்தார். “இல்லீங்க தவுக்கே, அது எங்கப்பா சைக்கிளு” என்று சொல்லி அனுப்பியவன் அவன்தான். பிறகு இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எந்த உறுப்பு எப்போது மாறியது, யார் மாற்றினார்கள் என்று நினைவுக்கு வந்தவரை எழுதினோம். முதல் வரியில் முன்கவையைப் பற்றித் தம்பி தன் கையாலேயே எழுதினான். நோட்டுப் புத்தகம் இப்போது பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

அடுத்த மாதம் சந்திப்போம்.