மீனாட்சி ஆட்சியில் ஒரு நாள்

“உங்க வீட்டுல மதுரை ஆட்சியா, சிதம்பரம் ஆட்சியா?”

வேன் கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் வழிகாட்டி கேட்டார். “மதுரைதான் சார்” என்று ஆண்கள் அலுத்துக்கொள்வதுபோல் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். என் அம்மா மட்டும் என் பக்கம் சாய்ந்து, “நம்ம வீட்டுல யாரு ஆட்சிடி?” என்றாள். அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள்.

பரவையிலிருந்து மதுரை கூப்பிடு தூரம். எழுபது வயதுக்குள் அம்மா அந்தத் தூரத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறாள். பேறுகாலம் பார்க்க, துட்டி கேட்க, பத்திரத்தில் கைநாட்டு வைக்க, பெரியாஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணையிருக்க. ஊர் பார்க்க என்று ஒருநாளும் போனதில்லை. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் இலவசமாயிற்று, பொழுது இலவசமாகவில்லை. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கும் சித்திக்கும் எனக்குமாகப் பணம் கட்டி, ‘ஒரே நாளில் மதுரை’ வேனில் மூன்று இருக்கைகளைப் பிடித்தேன்.

முதலில் கோயில். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள்தாம் என்பதை வழிகாட்டி பிசகாமல் சொன்னார். தடாதகை எட்டுத் திசையும் வென்று கயிலை வரை படை நடத்திய கதையையும் சொன்னார். சிவனைக் கண்டதும் மூன்றாவது மார்பு மறைந்தது என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி, “எவ்வளவு பெரிய வீராங்கனையா இருந்தாலும் புருஷன் முன்னால வெட்கம் வந்துருச்சு பாருங்க” என்றார். ஒரு பேரரசியின் திக்விஜயம் இரண்டே நொடியில் பெண்பார்க்கும் படலமாகிவிட்டது.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன். இந்த ஊர் வழக்கப்படி சித்திரை முதல் ஆடி வரை நான்கு மாதம்தான் மீனாட்சியின் ஆட்சி. ஆவணியில் செங்கோல் கை மாறும். மிச்சம் எட்டு மாதமும் சுந்தரேசுவரர் ஆட்சி. மதுரை ஆட்சி என்று நம்மைக் கேலி செய்கிறார்களே, அந்தக் கேலியின் கணக்கே தப்பு. தெய்வத்துக்கே மூன்றில் ஒரு பங்குதான். நமக்கு அதுவும் கிடையாது, அதைப் பற்றிய நகைச்சுவை மட்டும் உண்டு.

வெளியே வந்ததும் சித்தி என் காதில், “எங்கிட்டாச்சும் ஒதுங்கணுமே” என்றாள். வழிகாட்டியிடம் கேட்டேன். தூண்களை எண்ணி வைத்திருந்தவருக்குப் பெண்கள் கழிப்பறை எங்கே என்று தெரியவில்லை. “சாப்பாட்டுக்கு நிப்பாட்டுறப்ப பாத்துக்கலாம் மேடம்.” அதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. வேனில் வந்த ஆண்கள் இருவர் அதற்குள் ஒரு சுவரோரம் போய் வந்துவிட்டார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். கையில் நான் வாங்கிக் கொடுத்த தண்ணீர்ப் புட்டி மூடி திறக்காமல் இருந்தது. “வெளிய கிளம்பினா நான் தண்ணியே குடிக்க மாட்டேன்” என்றாள். ஐம்பது வருடமாக அவள் அறிந்த பயணத் திட்டம் அதுதான்.

மகாலில் திருமலை நாயக்கர். காந்தி அருங்காட்சியகத்தில் காந்தி. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டில் அவர் அரையாடைக்கு மாறியதை வழிகாட்டி நெகிழ்ந்து சொன்னார். சொல்லட்டும், அது நம் வரலாறுதான். ஆனால் நாங்கள் நின்றுகொண்டிருந்த தமுக்கம் ராணி மங்கம்மாளின் அரண்மனை என்பதை அவர் சொல்லவில்லை. 1689 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேரனுக்காக அரசாண்டு, சாலை போட்டு, சத்திரம் கட்டியவள் அவள். ரயில் நிலையத்தின் எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. கடைசியில் அவளைச் சிறைவைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று மக்கள் சொல்லிவருகிறார்கள். ஒரு பெண்ணின் அரண்மனைக்குள் அவள் பெயரைச் சொல்லாமலே ஒரு மணி நேரம் பேச முடிகிறது.

மகாலின் ஒலி ஒளிக் காட்சி சிலப்பதிகாரக் கதையைச் சொல்வது. இந்த ஊரிடம் நீதி கேட்ட ஒருத்தியின் கதை. அது இருட்டிய பிறகு. எங்கள் வேனோ ஆறு மணிக்கே இறக்கிவிட்டது. “லேடீஸ் இருக்காங்கல்ல, நேரமாயிரும்.” கண்ணகியைப் பார்க்க முடியாததற்கும் நாமே காரணம்!

சுற்றுலாவில் எதற்கு அரசியல் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நகரத்தில் எட்டு இடத்தைக் காட்டி எண்ணூறு இடத்தை மறைப்பது அரசியல் இல்லாமல் வேறென்ன? நாடக மேடையிலிருந்து விடுதலைப் போருக்கு வந்து, சிறை சென்று, 1967இல் மதுரை கிழக்கின் சட்டமன்ற உறுப்பினரான கே.பி. ஜானகியம்மாள் எந்தப் பட்டியலில் இருக்கிறார்? வீணை வாசித்த சண்முகவடிவுக்கு மகளாக எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் பிறந்த ஊர் இது என்று எந்த வேனில் சொல்கிறார்கள்? வில்லாபுரத்துக்கு எந்த வேன் போகிறது? அங்கே மாமன்ற உறுப்பினராயிருந்த லீலாவதி, தன் வார்டுக்குக் குழாய்த் தண்ணீர் வரவேண்டும் என்று போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று அவரை வெட்டிக் கொன்றார்கள். பெண்கள் வீட்டு வாசலில் தண்ணீர் பிடிப்பதற்காக ஒரு பெண் உயிரைக் கொடுத்த நகரத்தில், என் அம்மா நாள் முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் பயந்து உட்கார்ந்திருந்தாள்.

தோழிகளே, மாணவிகளே, நமக்கான மதுரையை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். மங்கம்மாள் சத்திரத்தில் தொடங்கி வில்லாபுரத்தில் முடியும் ஒரு நாளை வரையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கழிப்பறையை அதில் முதலில் குறியுங்கள். மண்டபங்களைப் பிறகு குறித்துக்கொள்ளலாம். உங்கள் அம்மாவையும் அத்தையையும் அழைத்துப் போங்கள். யாராவது ஒலிவாங்கியில் மதுரை ஆட்சியா, சிதம்பரம் ஆட்சியா என்று கேட்டால் சிரிக்காதீர்கள். பெண்கள் கழிப்பறை எங்கே என்று திருப்பிக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே அடுப்படிக்குப் போனாள். ஒரு சொம்புத் தண்ணீரை நின்ற வாக்கில், மூச்சு விடாமல் குடித்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, உலை வைக்க அரிசியைக் களைந்தாள்.