கிறிஸ்தவர்கள் மெய் பேச முடியுமா?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் கிறிஸ்தவக் கோவில்களில் மெய்யைப் பற்றிப் பாதிரிமார் பேசாத ஞாயிற்றுக்கிழமை அபூர்வம். கிறிஸ்தவனானவன் வீட்டிலும், தொழிலிலும், கடைத்தெருவிலும் கடவுளின் சத்தியப்படியே நடக்க வேண்டும், பொய் வாயில் வரவே கூடாது என்கிறார்கள். நமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை யென்பது வாசகர்கள் அறிந்த விஷயம். ஆனாலும் பொய் கூடாது என்பதில் நமக்கும் அவர்களுக்கும் தகராறு ஒன்றுமில்லை. நாம் கேட்பதெல்லாம், அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலையில் பிள்ளையின் ஜாதிச் சர்ட்டிபிகேட்டுக்காகத் தாலூகா ஆபீசு வாசலில் நிற்கும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவன் மெய் பேசினால் அவன் கதி என்ன ஆகும் என்பதுதான்.

1950-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10-ந் தேதி ஜனாதிபதியின் பேரால் ஓர் உத்தரவு பிறந்தது. அதன் மூன்றாவது பாரா, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைச் சார்ந்தவன் தாழ்த்தப்பட்ட ஜாதியான் ஆகமாட்டான் என்று சொல்லிற்று. பிறகு 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் பவுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவனும் முஸ்லிமும் வெளியே நின்றார்கள். ஆகவே, "நான் கிறிஸ்தவன்" என்று ஒருவன் உள்ளபடி சொன்ன மாத்திரத்தில், தாழ்த்தப்பட்டோருக்குரிய 18 சதவிகிதம் போய்விடுகிறது; தமிழ்நாட்டில் அவன் பிற்பட்டோர் ஜாபிதாவுக்குப் போய், நிலமும் கடையும் உள்ள ஜாதிகளோடு போட்டி போட வேண்டியதுதான். பக்கத்திலேயே குடியாத்தம், கே.வி.குப்பம் சட்டசபைத் தொகுதிகள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டவை. அங்கே அவன் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. மேல்ஜாதிக்காரன் ஜாதியைச் சொல்லி அவனைச் செருப்பாலடித்தாலும், 1989-ம் வருஷத்து வன்கொடுமைச் சட்டம் அவனுக்குக் காவல் இல்லை. அடிக்கிறவன் ஞானஸ்நானம் ஆயிற்றா என்று விசாரித்துவிட்டா அடிக்கிறான்?

இதன் பலன் என்னவென்றால், கோவில் ரிஜிஸ்தரில் ஒரு பெயர், பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் வேறு பெயர். ஞாயிற்றுக்கிழமை ஒரு மதம், மற்ற ஆறு நாளும் வேறு மதம். விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்றால் சுவரில் மாட்டிய சிலுவைப் படத்தை இறக்கிப் பெட்டிக்குள் வைக்க வேண்டியிருக்கிறது. பையனுக்கு முதன்முதலில் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது அவனைப் பெற்ற தாயே. இதை அந்தத் தாயின் குற்றம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

கோர்ட்டு என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். சென்னையில் தெரு ஓரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போனார். சூசை வழக்கு என்று அதற்குப் பெயர். அதே வேலை செய்த இந்துத் தோழர்களுக்கெல்லாம் சர்க்கார் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இவருக்கு மட்டும் கிறிஸ்தவர் என்று இல்லை யென்றது. ஊசியும் ஒன்று, தோலும் ஒன்று, வெய்யிலும் ஒன்று! 1985-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி தீர்ப்பாயிற்று. மதம் மாறிய பின்னும் அதே அளவுக்கு இழிவு நீடிக்கிறது என்பதற்குப் போதிய ருஜு இல்லை என்று தள்ளிவிட்டார்கள்.

ருஜு வேண்டுமானால் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் வந்திருக்கலாமே! தோல் பதனிடும் சாலைகளில் பச்சைத்தோலை ஊற வைப்பது யார், சுண்ணாம்புக் குழியில் இறங்குவது யார், மயிரும் சதையும் வழிப்பது யார் என்று பார்த்திருக்கலாம். முப்பாட்டன் காலத்தில் செத்த மாட்டைத் தூக்க வேண்டியவன் என்று எந்தச் சேரிக்காரனை ஊர் தள்ளி வைத்ததோ, அந்தச் சேரியிலிருந்துதான் இன்றைக்கும் ஆள் வருகிறது. அவர்களில் வேதத்தில் சேர்ந்தவன் யார், சேராதவன் யார் என்று கைப்புண்ணைப் பார்த்துச் சொல்ல யாராலும் ஆகாது.

நிற்க, பாதிரிமார் சங்கதிக்கு வருவோம். 1853-ல் ஸ்கட்டர் குடும்பத்தார் ஏற்படுத்திய ஆற்காடு மிஷன், ஜாதியைச் சபைக்குள் விடமாட்டோம் என்று கண்டிப்பாயிருந்த மிஷன்களில் ஒன்று. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொதுவில் கிறிஸ்தவ சமூகத்தின் லட்சணம் என்ன? திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே தாழ்த்தப்பட்டவன் பிணத்தைப் பிரித்து வைக்க ஒரு சுவர். எறையூரில் தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டுமென்று கேட்டதன் பேரில் 2008-ம் வருஷம் மார்ச்சில் கலகம் மூண்டு, போலீசார் துப்பாக்கிப் பிரயோகத்தில் இரண்டு உயிர் போயிற்று. கலியாணப் பேச்சு வந்தால் ஏசுவுக்கு முன்னே ஜாதி வந்து உட்காருகிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, எங்களுக்குள் ஜாதியே கிடையாது என்று வெளியாரிடம் சொல்லி வந்தார்கள். கோர்ட்டிலே ருஜு இல்லாமற் போனதற்கு இந்தப் பெருமைப் பேச்சும் ஒரு காரணமல்லவா? தங்களுக்குள் தீண்டாமை இருப்பதைக் கத்தோலிக்க மேற்றிராணிமார் 2016-ம் வருஷம் அறிக்கை போட்டு ஒப்புக்கொண்டார்கள். சூசை வழக்கு முடிந்து 31 வருஷம் கழித்து!

சிலர், "மதம் மாறினால் ஜாதி போய்விடும் என்றுதானே போனீர்கள், இப்போது ஜாதியின் பேரால் சலுகை கேட்கலாமா?" என்று புத்திசாலித்தனமாகக் கேட்கிறார்கள். மருந்து சாப்பிட்டும் வியாதி தீராதவனைப் பார்த்து, மருந்து சாப்பிட்ட குற்றத்துக்காக ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போ என்பது என்ன நியாயம்? சலுகை கொடுத்தது ஜாதியால் பட்ட கேட்டுக்கா, அல்லது இந்துவாயிருப்பதற்குக் கூலியாகவா?

2024-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மற்றொரு தீர்ப்புச் சொல்லிற்று. கோவிலுக்குப் போய்க்கொண்டே உத்தியோகத்துக்காக இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தின் மீது செய்யும் மோசடியாம். பொய் மோசடிதான்; இல்லை யென்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் மெய் சொன்னவனுக்குத் தண்டனையும் பொய் சொன்னவனுக்குச் சோறும் என்று எழுதி வைத்த அந்த மூன்றாவது பாராவுக்கு என்ன பெயர் வைப்பது?

தமிழ்நாடு சட்டசபை 2023-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி, இவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று தீர்மானம் செய்து டில்லிக்கு அனுப்பிற்று. அதற்கு முன்பே 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷனும் அதையே சொல்லியிருந்தது. அதை ஏற்காத டில்லி சர்க்கார், 2022-ல் பாலகிருஷ்ணன் கமிஷன் என்று இன்னொன்றை வைத்தது. கமிஷனுக்குக் கமிஷன் வைக்கிற இந்தக் காலத்துக்குள் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பெயரை மனப்பாடம் செய்திருப்பார்கள்!

வேலூர், ஆம்பூர்ப் பாதிரிமாரை ஒன்று கேட்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெய்யைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது, எதிரே இரண்டு பெயரோடு உட்கார்ந்திருக்கும் தோல் சாலைக் கூலியைப் பார்த்துப் பேசுவார்களா, அல்லது தங்கள் சபையில் எந்தெந்த ஜாதியார் எந்தெந்த ஜாதியில் பெண் எடுத்தார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்ற கணக்கை ரிஜிஸ்தரிலிருந்து எடுத்து வாசித்து, அந்தக் கணக்கையே கமிஷனுக்கும் அனுப்பி வைப்பார்களா?